அக்காவின் கரண்டைத் தியாகம் செய்த மகனுக்கு

எய்யா,

இன்று குற்றாலம் மெயின் அருவியில் குளிக்கத் தடை. விடிகாலையிலிருந்து தண்ணீர் ஆர்ச் வளைவைத் தாண்டி விழுகிறது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிவிட்டார்கள். வந்த கூட்டமெல்லாம் தூரத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றுகொண்டு பேருந்து நிலையத்துக்குத் திரும்பிப் போகிறது. குளிக்காதவனுக்குத் துண்டு எதற்கு, எண்ணெய் எதற்கு, சோப்பு எதற்கு? என் கடைப் பக்கம் ஈ, காக்கை இல்லை. அதனால்தான் உனக்கு எழுத எனக்கு நேரம் கிடைத்தது. பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

இதை ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்று நீ கோபப்படுவாய். ஊரறியாமல் ஏற்கெனவே எழுதிப் பார்த்தேன். போன வாரம் உன் செல்போனுக்கு, என் விரலுக்குத் தெரிந்த மட்டும் தட்டித் தட்டி, நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். உன் அக்காவின் வயலைப் பற்றி, நீ போட்ட கையெழுத்தைப் பற்றி, அதைத் திரும்ப வாங்க நீ செய்ய வேண்டியது என்ன என்பதைப் பற்றி. அன்றைக்கே உன்னிடமிருந்து பதில் வந்தது: ஒரு கட்டைவிரல். மேலே தூக்கிய மஞ்சள் கட்டைவிரல். பெற்றவளுக்கு அது போதும் என்று நீயே முடிவு செய்தாயா, உன் செல்போனைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும், கட்டைவிரலோடு பேச எனக்கு விருப்பமில்லை. அதனால் தென்காசியில் எனக்குத் தெரிந்த அச்சகத்தில் இதை நோட்டீசாக அடிக்கக் கொடுக்கப்போகிறேன். கடையில் துண்டு வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒன்று மடித்துக் கொடுப்பேன். விலை கிடையாது. உனக்குப் பிடிக்காத சொல்லைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, இலவசம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ பொருளாதாரம் படித்தவன். சென்னையில் பெரிய சம்பளத்தில் இருந்தாய். அதை விட்டுவிட்டு அரசியலுக்கு வந்தாய். தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே உன் கட்சி உன்னை வேட்பாளர் என்று சொல்லிவிட்டது. நாளை மறுநாள் தென்காசியில் உனக்குப் பெரிய கூட்டம். அதில் நீ உன் பொருளாதாரக் கொள்கையை வாசிக்கப் போகிறாய். வாசிப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கே மனப்பாடம். வரி எல்லாரும் கட்ட வேண்டும். தெருவோரத்தில் கடை போட்டிருப்பவனும் கட்ட வேண்டும். கரண்டு யாருக்கும் சும்மா கிடையாது, பம்புசெட்டுக்கும் மீட்டர். உதவி என்பது தகுதியுள்ள ஏழைக்கு மட்டும். வீட்டுக்கு வீடு பணம் கொடுப்பது மக்களைப் பிச்சைக்காரர் ஆக்கும் வேலை. இந்த மூன்றையும் நீ எங்கே போனாலும் சொல்கிறாய். நன்றாகவும் சொல்கிறாய். உன் குரல் நல்ல குரல். கேட்கிறவனுக்குத் தன் பக்கத்து வீட்டுக்காரன் சோம்பேறி என்று உடனே தோன்றிவிடும். தான் சோம்பேறி என்று ஒருத்தனுக்கும் தோன்றாது. அதுதான் உன் சாமர்த்தியம்.

நான் ஒன்றும் தெரியாதவளாகப் பேசவில்லை. சீசன் முடிந்தால் இந்தக் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது. நீ சொல்வதில் பாதி உண்மை. அதுதான் எனக்கு எரிச்சல். கரண்டு சும்மா வருகிறது என்று மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவன் நம் ஊரில் இருக்கிறான். பெரிய தென்னந்தோப்புக்காரர்கள் நாலைந்து கிணறு வைத்து, சும்மா வந்த கரண்டில் எடுத்த தண்ணீரை லாரிக்கு விற்கிறார்கள். அவர்கள் தோப்பில் மீட்டர் வை, நானே வந்து தேங்காய் உடைக்கிறேன். ஆனால் நீ போய் வர அப்படிப்பட்ட ஒரு தோப்புக்காரர்தான் கார் கொடுத்திருக்கிறார். அந்தத் தோப்புப் பக்கம் உன் கொள்கை இன்னும் போகவில்லை. அது நேராகக் கீழப்பாவூருக்குப் போனது. உன் அக்கா கோமதியின் வயலுக்குப் போனது.

நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீதான் நடத்தினாய். ஆனாலும் அதை உன் கண்ணால் பார்த்தாய், அவள் கண்ணால் பார்க்கவில்லை. உன் அப்பா இறந்த பிறகு கீழப்பாவூர் வயலை கோமதிதான் பார்க்கிறாள். நீ சென்னைக்குப் போனாய், நான் குற்றாலத்துக் கடையை விட்டு வர முடியாது. அவள்தான் வாழை வைத்தாள், அவள்தான் களையெடுத்தாள். பட்டாவும் பம்புசெட்டின் கரண்டுக் கார்டும் உன் அப்பா பெயரிலேயே கிடந்தன. நம் பக்கத்தில் அது ஒரு வழக்கம். ஆள் போன பிறகும் பெயரை மாற்ற மாட்டோம். சோம்பல் பாதி, மனசு வராதது பாதி. பெயரை மாற்றப் போனால் அவர் போனதை நாமே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறுகளில் செத்தவர்கள்தான் இன்னும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். அப்படியும் கோமதி உன்னிடம் கேட்டாள். மாற்றிக்கொள்ள வாரிசுகள் எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொங்கலுக்கு நீ வந்தபோது காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டே, "என்ன அவசரம் அக்கா, நான் என்ன வயலையா தூக்கிட்டுப் போகப் போறேன்?" என்று சிரித்தாய். அவளும் சிரித்துவிட்டு அதை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

சித்திரையில் நீ கீழப்பாவூரில் கூட்டம் போட்டாய். நானும் வந்திருந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், கையில் குளிர்பானம் கொடுத்தார்கள். நீ கரண்டைப் பற்றிப் பேசினாய். செத்தவர்கள் பெயரில் அரசாங்கத்தின் கரண்டு ஓடுகிறது, இது திருட்டா இல்லையா என்று கேட்டாய். கூட்டம் திருட்டு என்று சொன்னது. சொன்னவர்களில் பாதிப் பேர் வீட்டு மோட்டார் அப்படித்தான் ஓடுகிறது, அதுவேறு. பிறகு நீ சொன்னாய், "அடுத்தவன் வீட்டைச் சொல்ல மாட்டேன். என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாய். மைக்கில் உன் அப்பா பெயரைப் படித்தாய். இனிஷியலோடு, தகப்பன் பெயரோடு, ஊரோடு. நான் கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை வாயால் சொல்லாத பெயர். ரேஷன் கடையில் கேட்டால்கூட கார்டை நீட்டுவேன், சொல்ல மாட்டேன். அதை நாலு ஒலிபெருக்கியில் போட்டு, "இறந்துபோன இந்த மனிதர் இன்னும் இலவச மின்சாரம் வாங்கிக்கொண்டிருக்கிறார்" என்றாய். கூட்டம் சிரித்தது. உன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அப்புறம் அந்த இணைப்பை நாட்டுக்காக ஒப்படைப்பதாகச் சொல்லி மேடையிலேயே கையெழுத்துப் போட்டாய். கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண், "உங்க மகன் தியாகிம்மா" என்று என் கையைப் பிடித்தாள். நான் குளிர்பானத்தை நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

தியாகம் என்றால் என்ன என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன் போலிருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது வெள்ள நிவாரணத்துக்குப் பள்ளிக்கூடத்தில் துணி சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் பழைய சட்டையைக் கொண்டுபோனார்கள். நீ பீரோவைத் திறந்து, தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த கோமதியின் புதுப் பட்டுப்பாவாடையைக் கொண்டுபோய்க் கொடுத்தாய். உன் புதுச் சட்டை பத்திரமாகப் பக்கத்திலேயே இருந்தது. மறுநாள் காலைப் பிரார்த்தனையில் உன்னை முன்னால் நிறுத்தி, புதுத் துணி கொடுத்த ஒரே மாணவன் என்று பாராட்டினார்கள். அவள் அந்தத் தீபாவளிக்குப் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு வெடி போட்டாள். எல்லாரும் உன்னை மெச்சினார்கள், நானும் மெச்சினேன். உன் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் அரசுக்கு ஒரு பொருளாதார நிபுணர் குறைந்திருப்பார், கோமதிக்கு ஒரு தம்பி கிடைத்திருப்பான்.

லைன்மேன்கள் கரண்டை வெட்ட வந்தபோது அவளுக்குத் தெரியாது. நீ அவளிடம் சொல்லவே இல்லை. அவள் வாழைக்குப் பக்கக் கன்று வெட்டிக்கொண்டிருந்தாள், நைட்டிக்கு மேல் உன் அத்தானுடைய பழைய சட்டை, தலையில் துண்டு. லைன்மேன்களோடு உன் ஆட்கள் இரண்டு பேர் வீடியோ எடுக்க வந்திருந்தார்கள். அவள் மோட்டார் அறைக்கு முன்னால் வந்து நின்று, "யாருய்யா நீங்க, எதுக்கு வெட்டுதீய?" என்று கேட்டிருக்கிறாள். வீடியோ எடுத்தவன், "மறைக்கீய அக்கா, கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க" என்றானாம். அவளும் தள்ளி நின்றாளாம். அந்த வீடியோவை நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. சுவரில் உன் அப்பா பெயர் தெரிகிறது, வெட்டுகிற கை தெரிகிறது, பின்னால் இசை வருகிறது. உன் அக்கா இல்லை. ஓரத்தில் ஒரு துண்டின் நுனி மட்டும் தெரிகிறது, தேடிப் பார்த்தால்.

நான் கரண்டு ஆபீசுக்குப் போனேன். நீ இழித்துப் பேசுகிற அந்த இலவசப் பேருந்தில்தான் போனேன். அங்கே இருந்த பொறியாளர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. எழுந்து நாற்காலி போட்டார். "மூணு வாரிசு இருக்கையில ஒருத்தன் கையெழுத்து எப்படிய்யா செல்லும்?" என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நான் என்ன செய்ய? காலையில இருந்து போனுக்கு மேல போன். வீடியோகாரங்க வண்டியில உக்காந்திருக்காங்க. நான் வாரிசுச் சான்று கேட்டா, வேட்பாளரோட தியாகத்தைத் தடுத்த அதிகாரின்னு என்னை வீடியோல போட்டுருவாங்க." இனி என்ன வழி என்று கேட்டேன். புதிதாக மனுப் போட்டால் வரிசையில் நிற்க வேண்டும், வருஷக் கணக்கில் ஆகும் என்றார். உன் அப்பாவும் அப்படித்தான் நின்றார், அந்த வரிசையிலேயே அவருக்கு முடி நரைத்தது. இன்னொரு வழியும் சொன்னார். "உங்க மகன் வந்து, நான் குடுத்தது எனக்கு மட்டும் உரிமையானது இல்ல, தெரியாம குடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதித் தந்தா, நான் மேல அனுப்பி திரும்ப மாட்ட வச்சிருவேன்மா."

ஒரு வரி. அவ்வளவுதான் உன்னிடம் கேட்டது. அன்றைக்கே போனில் சொன்னேன். நீ, "அம்மா, இப்ப அதை எழுதினா எதிர்க்கட்சிக்காரன் போஸ்டர் அடிச்சிருவான். கூட்டம் முடியட்டும்" என்றாய். எந்தக் கூட்டம் என்று கேட்டேன். "பெரிய கூட்டம்மா" என்றாய். வாழைக்கு உன் கூட்டத்தின் தேதி தெரியாது என்று சொன்னேன். நீ சிரித்தாய். "நீ மேடையில பேசலாம்மா" என்றாய். மனிதன் இப்படி எல்லாம் சிரிப்பான் என்று நான் நினைத்ததில்லை.

அக்கம்பக்கத்தில் தண்ணீர் கேட்கலாமே என்று உனக்குத் தோன்றும். கேட்டாள். பக்கத்து வயல்காரர் நல்ல மனிதர், உன் அப்பாவோடு ஒன்றாக நடவு நட்டவர். ஆனால் அவருடைய கரண்டுக் கார்டும் இறந்துபோன அவர் தகப்பனார் பெயரில் இருக்கிறது. "ஏட்டி கோமதி, உனக்குத் தண்ணி விட்டு, உன் தம்பி ஆள்க வீடியோ எடுத்து, என் கார்டையும் பாத்துட்டாம்னா நான் எங்கன போவேன்? கோவிச்சுக்காத" என்று வரப்பில் நின்று கும்பிட்டாராம். வயசில் மூத்தவர் அவளைக் கும்பிட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. உன் ஒரு கூட்டத்தால் அந்த ஊரில் ஒருத்தருக்கொருத்தர் தண்ணீர் விடுவதே நின்றுபோனது. ஒவ்வொருத்தர் மோட்டார் அறைச் சுவரிலும் செத்துப்போன அப்பா பெயர் எழுதியிருக்கிறது. எல்லாரும் அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள்.

அப்புறம் டீசல் இன்ஜினை வாடகைக்கு எடுத்தாள். இங்கேதான் உன் மூன்று கொள்கையும் ஒன்றாக வந்து நிற்கின்றன, கவனமாகக் கேள். நீ மேடையில் உதாரணம் தேடி அலைகிறாயே, இதைச் சொல். இன்ஜினுக்கு வாடகை கொடுக்க அவளிடம் இருந்தது மாதம் வருகிற உரிமைத் தொகை. பெண்களைப் பிச்சைக்காரிகள் ஆக்குகிறது என்று நீ சொல்கிற அதே பணம். வாடகை போக மிச்சத்தைக் கொண்டுபோய் பெட்ரோல் பங்கில் டீசல் வாங்கினாள். டீசல் விலையில் வரி எவ்வளவு என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டது. நடுவில் உன் அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வரி கட்டாமல் ஓசியில் வாழ்கிறார்கள் என்று நீ யாரைச் சொல்கிறாய்? என்னையும்தான் சொல்கிறாய். வியாபாரிகள் கூட்டத்தில் தெருவோரக் கடைகள் வரிக்கு வெளியே இருக்கின்றன என்று பேசினாய். நான் விற்கிற சோப்பு வரி கட்டி வாங்கினது. எண்ணெய் வரி கட்டி வாங்கினது. கடை போட்ட இடம் ஏலத்தில் எடுத்தது. அருவியில் தண்ணீர் விழாவிட்டாலும், இன்றைக்கு மாதிரி அதிகமாக விழுந்தாலும், ஏலத்தொகையை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். நாளை மறுநாள் கூட்டத்துக்குப் பந்தல் போடுகிறவரிடம் நீ பில் வாங்குவாயா? வாங்க மாட்டாய். கேட்டால் அதெல்லாம் கட்சி பார்த்துக்கொள்ளும் என்பாய்.

நீ தகுதி தகுதி என்கிறாயே, அதையும் கேட்டுவிடுகிறேன். நீ சத்துணவு முட்டை தின்றுதான் வளர்ந்தாய். முட்டை போடாத நாளில் வீட்டுக்கு வந்து அழுவாய். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் போய்ப் படித்தாய், அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில்தான் இலவசங்களுக்கு எதிரான உன் முதல் கட்டுரையைத் தட்டினாய். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று கட்டணச் சலுகை வாங்கினாய். அந்தச் சான்றிதழுக்கு விஏஓவிடம் போனபோது நடந்தது நினைவிருக்கிறதா? குடும்பத்தில் ஒருத்தருக்குத்தான் அந்தச் சலுகை. கோமதி உன்னைவிட நன்றாகப் படித்தவள், கல்லூரியில் அவளுக்கும் அந்த வருஷம்தான் இடம் கிடைத்திருந்தது. "தம்பி படிக்கட்டும், நான் வயலைப் பாத்துக்கிடுதேன்" என்று அவள்தான் சொன்னாள். நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று தகுதியுள்ளவனுக்கு மட்டும்தான் உதவி என்கிறாய். உன் பேச்சுப்படியே பார்த்தால், உனக்குக் கொடுத்ததுதான் நம் வீட்டில் நடந்த பெரிய விரயம்.

போன வாரம் கோமதியின் வயலுக்குப் போனேன். குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, நம் கீழப்பாவூர்ப் பக்கம் வெறும் காற்றுதான் வரும் என்பது உனக்குத் தெரியும். வயலுக்கு மேற்கே காற்றாலைகள் நிற்கின்றன. இந்தக் காற்றில் அவை பேய் மாதிரி சுற்றுகின்றன. நம் காற்றை விற்றே நாட்டைப் பணக்கார நாடாக்கலாம் என்று நீ பேசியிருந்தாய். அந்தக் காற்றாலைக் கம்பி அவள் வரப்புக்கு மேலேதான் போகிறது. கீழே கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்குக் கிடக்கிறது. ஏற்றத்தான் கரண்டு இல்லை, டீசலுக்கு அவளிடம் மேற்கொண்டு காசும் இல்லை. வாழை எல்லாம் குலை தள்ளிவிட்டது. தள்ளியதோடு சரி, காய் பருக்கவில்லை. விரல் தடிமன்கூட இல்லை. இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. தென்காசி சந்தைக்குக் கொண்டுபோனால் மாட்டுக்குக்கூட வாங்க மாட்டார்கள். நான் அங்கேயே நின்று உன்னைத் திட்டினேன். இங்கே எழுத முடியாத வார்த்தையில் திட்டினேன். கோமதி என் வாயைப் பொத்தினாள். "எம்மா, விடு. தம்பி பெரிய ஆளா வருதான். இந்நேரம் போயி நீ ஏதாவது பேசி அவனுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றாள். அவளுக்கு உன்மேல் கோபமே வரவில்லை. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. உன்னை மாதிரி ஆட்கள் மேடை ஏறுவதே அவளை மாதிரி ஆட்கள் தள்ளி நிற்பதால்தான் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். பாவம், அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் மன்னித்துவிட்டாள் என்பதற்காக நானும் மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே. அவள் கூடப்பிறந்தவள், அவளுக்கு உன்மேல் ஆசை உண்டு. நான் பெற்றவள், உன்னை உள்ளும் புறமும் தெரிந்தவள். நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சமாளித்துவிடலாம். நீ நல்லது செய்கிறேன் என்று உண்மையிலேயே நம்புகிறாய். நாளைக்கு ஜெயித்து வந்து, கோமதியின் வயலுக்குச் செய்ததை ஒரு மாவட்டத்துக்கே செய்வாய். அப்போதும் ராத்திரி உனக்கு நல்ல தூக்கம் வரும். உன்னிடம் சொல்ல ஒரே ஒரு புத்திமதிதான் எனக்கு இருக்கிறது. எதையாவது நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று கை பரபரத்தால், முதலில் உன் சட்டைப்பைக்குள் கையை விடு. அங்கே ஒன்றும் இல்லையென்றால் சும்மா இரு.

நாளை மறுநாள் கூட்டத்துக்கு என்னைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து மேடையில் உட்காரச் சொல்லியிருக்கிறாய். தாயின் ஆசியோடு கொள்கையை வெளியிட வேண்டுமாம். வண்டி அனுப்புகிறேன் என்றாய். யார் வண்டி என்று நான் கேட்கவில்லை. நான் வரவில்லை. அருவியில் தடை நீங்கினால் எனக்கு வியாபாரம் இருக்கும், நீங்காவிட்டால் இந்த நோட்டீஸைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வேறு ஒன்று உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நேற்று உன் பந்தல்காரர் வாழைமரம் தேடிக் கீழப்பாவூர்ப் பக்கம் வந்திருக்கிறார். உன் கூட்டத்து வாசலிலிருந்து மேடைவரைக்கும் இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்டச் சொல்லியிருக்கிறார்களாம். நல்ல குலை எல்லாரும் சந்தைக்கு வைத்திருக்கிறார்கள், கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் கோமதியின் வயலுக்கு வந்துவிட்டார். அவள் யாருடைய அக்கா என்று அவருக்குத் தெரியாது. "ஏம்மா, மரத்தோட தருவீயளா? தென்காசி கூட்டத்துக்கு" என்று கேட்டிருக்கிறார். கோமதி உண்மையைச் சொல்லியிருக்கிறாள், "காய் திரளலயே அண்ணாச்சி." அதற்கு அவர், "வாசல்ல கட்டுததுக்குக் காய் எதுக்கும்மா திரளணும்? தூரத்துல இருந்து பாத்தா குலை மாதிரித் தெரிஞ்சா போதும்" என்றாராம்.

ராத்திரி போனில் சொன்னாள். "யாரு கூட்டம்னு கேட்டியா?" என்றேன். "தெரியும்மா" என்றாள். "தெரிஞ்சுமாட்டி குடுத்த?" என்றேன். "வேற யாரும்மா இதை வாங்குவா?" என்றாள்.

வயல் முழுக்க வெட்டி ஏற்றிவிட்டார்கள். நாளை மறுநாள் நீ மாலையும் கையுமாக உள்ளே நுழையும்போது இரண்டு பக்கமும் நிற்பது அந்த வாழைதான். கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல உன் ஆட்கள் முண்டியடித்துக் குலைகளை வெட்டிக்கொண்டு போவார்கள். அது இலவசம் என்று அப்போது யாருக்கும் தோன்றாது. வீட்டில் கொண்டுபோய்க் கறிக்கு அரிந்து பார்ப்பார்கள். உள்ளே வெறும் தோலும் நாரும்தான் இருக்கும். யார் கூட்டத்து வாழை என்று பொண்டாட்டிமார் கேட்பார்கள். உன் பெயரைத்தான் சொல்வார்கள்.

இப்போதைக்கு,
உன் அம்மா